மழையில் பொலோன்யா: குடும்பத்தோடு போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஃபுளோரன்ஸுக்கும் வெனிஸுக்கும் நடுவே ரயில் மாறும் ஊராகத்தான் பலருக்குப் பொலோன்யாவைத் தெரியும். அங்கே இறங்கித் தங்கச் சொல்லி உறவினர்களையும் நண்பர்களையும் நான் வற்புறுத்துவது வழக்கம். வானிலை அறிக்கையில் மழை என்று போட்டிருந்தால் இன்னும் கூடுதலாக வற்புறுத்துவேன். அப்போது அவர்கள் கேட்கும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இங்கே.

இத்தாலிப் பயணம் முழுவதும் மழை என்கிறது வானிலை அறிக்கை. குழந்தைகளும் பெரியவர்களும் வருகிறார்கள். பயணத்தை ரத்து செய்துவிடலாமா?

வேண்டாம். ரத்து செய்வதற்குப் பதில், மழை நாட்களைப் பொலோன்யாவுக்கு ஒதுக்குங்கள். ரோமில் ஃபோரம், பாலட்டைன் குன்று எல்லாம் திறந்தவெளி. ஃபுளோரன்ஸில் அருங்காட்சியகத்துக்குள் நனைய மாட்டீர்கள், ஆனால் வெளியே வரிசையில் நிற்கும்போது நனைவீர்கள். வெனிஸில் குறுகிய சந்துகளில் குடையோடு குடை மோதும்; பாலத்துக்குப் பாலம் தள்ளுவண்டியைத் தூக்க வேண்டும்.

பொலோன்யாவில் நடைபாதைக்கே கூரை உண்டு. வீடுகள், கடைகள், தேவாலயங்கள், அலுவலகங்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் தூண்கள் தாங்கும் வளைவுத் தாழ்வாரம் ஓடுகிறது. ஊர் முழுக்கச் சேர்த்தால் அவற்றின் நீளம் 62 கிலோமீட்டர். யுனெஸ்கோ 2021-இல் இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பெருமழையிலும் பழைய நகரின் பெரும்பகுதியைக் குடை விரிக்காமலே சுற்றலாம். தெருவைக் கடக்கும் அந்தச் சில அடிகளில்தான் நனைய வேண்டியிருக்கும்.

ஊர் முழுவதும் தாழ்வாரம் கட்ட அப்படி என்ன அவசியம்? மழைக்காகவா?

தொடக்கக் காரணம் இட நெருக்கடி. 1088-இல் தொடங்கியதாகக் கொள்ளப்படும் பொலோன்யா பல்கலைக்கழகம் மேற்குலகின் மிகப் பழமையான பல்கலைக்கழகம். ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் வந்து குவிந்தார்கள். தங்க இடம் வேண்டும், மதிலுக்குள் நிலமோ குறைவு. வீட்டுக்காரர்கள் மேல்மாடியைத் தெருப்பக்கம் நீட்டி அறைகள் கட்டினார்கள். நீட்டிய பாகம் தொங்கிவிடாமல் இருக்கக் கீழே மரக்கால் நட்டார்கள். அந்தக் கால்களுக்கும் சுவருக்கும் நடுவே கிடைத்த இடம்தான் தாழ்வாரம்.

மற்ற ஊர்களிலும் இப்படி நடந்தது. அங்கெல்லாம் நகராட்சிகள் இதை ஆக்கிரமிப்பு என்று இடித்துத் தள்ளின. பொலோன்யா நேர்மாறாக நடந்துகொண்டது. 1288-இல் போட்ட சட்டம், புதிதாகக் கட்டும் வீட்டுக்குத் தாழ்வாரம் கட்டாயம் என்றது. இல்லாத வீட்டுக்காரர்களும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்றது. உயரம் குறைந்தது 7 பொலோன்யா அடி, அதாவது சுமார் 2.66 மீட்டர். குதிரை மேல் இருப்பவர் தலை இடிக்காமல் போகக் கணக்கிட்ட உயரம் அது. நிலம் வீட்டுக்காரருடையது, பராமரிப்பும் அவர் பொறுப்பு. ஆனால் யார் நடந்தாலும் தடுக்க முடியாது. வழிப்போக்கர் உட்கார்ந்து இளைப்பாற நம் ஊர் வீடுகள் விட்டுவைத்த திண்ணையைத் தெரு நெடுகிலும் சட்டம் போட்டுக் கட்டவைத்தது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஏற்பாடு நடப்பில் இருக்கிறது என்பதுதான் எனக்கு இந்த ஊரின் மேல் தீராத மரியாதையைத் தருகிறது.

1568-இல் மரத்தூண்களை எடுத்துவிட்டுச் செங்கல்லாலும் கல்லாலும் அமைக்க ஆணை வந்தது. தப்பிய சில மரத்தாழ்வாரங்களில் ஒன்று ஸ்ட்ராடா மஜோரே தெருவில் உள்ள காசா இசொலானி. 13-ஆம் நூற்றாண்டு வீடு. ஏறத்தாழ 9 மீட்டர் உயரமான ஓக் மரத்தூண்கள் மேல்மாடியைத் தாங்கி நிற்கின்றன. பக்கத்தில் போய்ப் பாருங்கள்: மரம் கறுத்து, நெடுக வெடித்து, விரல் நுழையும் அளவுக்குப் பிளவு விட்டிருக்கிறது. அந்த வெடிப்போடுதான் இன்னும் வீட்டைச் சுமக்கிறது. கூரையின் மர விட்டத்தில் மூன்று அம்புகள் தைத்திருப்பதாக ஊர்க்கதை. அண்ணாந்து தேடச் சொல்லுங்கள். பிள்ளைகள் பத்து நிமிடம் அசைய மாட்டார்கள்.

எந்த மாதங்களில் மழை அதிகம்?

அக்டோபர், நவம்பர். வசந்த காலத்திலும், குறிப்பாக ஏப்ரல், மே மாதங்களில் நிறையப் பெய்யும். கோடையில் இடியோடு ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் மழையைவிட மூடுபனியும் குளிரும்தான் தொல்லை.

பெட்டிகளோடு மழையில் எப்படி ஊருக்குள் போவது?

விமான நிலையத்திலிருந்து மத்திய ரயில் நிலையத்துக்கு மார்க்கோனி எக்ஸ்பிரஸ் என்ற ஒற்றைத் தண்டவாள ரயில் இருக்கிறது. ஏழெட்டு நிமிடப் பயணம். வானொலியின் முன்னோடி மார்க்கோனி 1874-இல் பிறந்தது இந்த ஊரில்தான். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் இடப்பக்கம் சற்றுத் தள்ளி வியா டெல் இன்டிபென்டென்ஸா தெரு தொடங்குகிறது. இரண்டு பக்கமும் அகலமான தாழ்வாரம். பெட்டியை உருட்டிக்கொண்டே நடந்தால் இருபது நிமிடத்தில் ஊரின் நடுச்சதுக்கமான பியாட்ஸா மஜோரே வந்துவிடும். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இந்தத் தெருவிலும் இதோடு சேரும் ரிட்ஸோலி, உகோ பாஸி தெருக்களிலும் வண்டிகளை விடுவதில்லை. அந்த நாட்களில் பஸ் வழித்தடமும் மாறும், கவனியுங்கள்.

சான் லூகா குன்றுக் கோயிலுக்கு மழையில் போக முடியுமா?

மழையில் போவதற்கென்றே அமைந்த வழி அது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

ஊரின் தென்மேற்கே, ஏறத்தாழ 300 மீட்டர் உயரமான குன்றின் மேல் சான் லூகா மாதா கோயில் இருக்கிறது. 1433-ஆம் ஆண்டு மழை விடாமல் கொட்டி, விளைச்சல் அழுகும் நிலை. குன்றின் மேல் இருந்த மாதா படத்தை ஊர்வலமாக ஊருக்குள் கொண்டுவந்தார்கள். மழை நின்றுவிட்டது என்பது நம்பிக்கை. அன்று முதல் ஆண்டுதோறும் படம் கீழே வருகிறது. இப்போது மே மாதத்தில், ஆண்டவர் விண்ணேற்றப் பெருவிழாவை ஒட்டி. படத்தையும் பக்தர்களையும் வெயில், மழையிலிருந்து காக்க, ஊரிலிருந்து கோயில் வாசல் வரை தாழ்வாரம் கட்டிவிடுவது என்று முடிவு செய்தார்கள். 1674-இல் அடிக்கல் நாட்டினார்கள். செலவை எல்லாத் தரப்பினரும் பகிர்ந்துகொண்டார்கள். 1677-இல் ஊர் மக்கள் வரிசையாக நின்று கட்டுமானப் பொருள்களைக் கைக்குக் கை மாற்றிக் குன்றின் மேல் ஏற்றினார்கள். 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெரும்பகுதி முடிந்தது. நீளம் ஏறக்குறைய 3.8 கிலோமீட்டர், வளைவுகள் 666.

சரகோஸா வாயிலில் தொடங்கும் வழி முதல் பாதியில் சமதளம். கால்பந்து மைதானத்தின் அருகே மெலொன்செல்லோ என்ற வளைவுப் பாலம் சாலைக்கு மேலே தூக்கிக் கடத்திவிடும். அங்கிருந்து ஏற்றம், படிகளும் சரிவும் மாறி மாறி வரும். வளைவுகளுக்கு எண் இட்டிருப்பதால் பிள்ளைகள் தாங்களே எண்ணிக்கொண்டு ஏறுவார்கள். கனத்த மழையில் இந்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் வளைவுக்கு வளைவு நீர்த்திரை. காற்று திரும்பினால் சாரல் தரையில் பாதி தூரம் வந்து நிற்கும். முன்னால் போகிறவர்கள் எல்லோரும் சுவரோரமாக ஒதுங்கி ஒற்றை வரிசையில் ஏறுவார்கள். மழையைப் பொருட்படுத்தாமல் ஓட்டப் பயிற்சி செய்பவர்கள் நம்மைத் தாண்டிப் போவார்கள்.

மூட்டுவலி உள்ளவர்கள், தள்ளுவண்டிக் குழந்தையோடு வருபவர்கள் பியாட்ஸா மஜோரேயிலிருந்து கிளம்பும் சிறிய சுற்றுலா வண்டியில் மேலே போகலாம். பிறகு தாழ்வாரத்தின் மேல்பகுதியை மட்டும் கொஞ்சம் நடந்து பார்க்கட்டும். மழை நாளில் மேலிருந்து ஊர் தெரியாமல் போகலாம். அதற்காக ஏறுவதைத் தவிர்க்க வேண்டாம். இங்கே வழிதான் முக்கியம்.

பிள்ளைகளுக்குத் தேவாலயமும் ஓவியமும் சலிப்பாக இருக்கிறது. என்ன காட்டுவது?

பியாட்ஸா மஜோரேயில் பொடெஸ்தா மாளிகைக்கு அடியில் நாற்புறமும் வழி திறந்த ஒரு வளைவுக்கூடம் இருக்கிறது. எதிரெதிர் மூலைகளில் இருவர் சுவரைப் பார்த்து நின்று கிசுகிசுத்தால், நடுவில் எத்தனை கூட்டம் இருந்தாலும் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் காதருகே கேட்கும். ஒலி வளைவுக் கூரையின் மேல் ஏறி எதிர் மூலையில் இறங்குகிறது. தொழுநோயாளிகள் பாதிரியாரைத் தொடாமல் பாவமன்னிப்புக் கேட்க இது பயன்பட்டதாக ஒரு கதையும் உண்டு. தாத்தாவை ஒரு மூலையிலும் பேத்தியை எதிர் மூலையிலும் நிறுத்துங்கள். காது மந்தமான பெரியவர்கூடப் பேத்தி சொன்னதைத் திருப்பிச் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். செலவில்லை, மேலே கூரை இருக்கிறது.

நாலடி நடந்தால் நெப்டியூன் நீரூற்று. சிற்பி ஜாம்போலோன்யா 1560-களில் உருவாக்கிய வெண்கலச் சிலை. அதற்கு எதிரே சாலாபோர்ஸா என்ற பொது நூலகம். பழைய பங்குச்சந்தைக் கட்டடம். நடுக்கூடத்தின் தரையில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். அதன் வழியாகக் கீழே ரோமானியர் காலத்துச் சுவர்களும் தளங்களும் தெரியும். கி.மு. 189-இல் ரோமானியர்கள் குடியேற்றம் அமைத்தபோது ஊருக்குப் பெயர் பொனோனியா. அதற்கு முன், ரோமானியருக்கு முற்பட்ட பழங்குடிகளான எட்ருஸ்கர்கள் வைத்த பெயர் ஃபெல்சினா. குழந்தைகளுக்கான நூலகப் பகுதியும் உண்டு. மழை வலுக்கும்போது கைக்குழந்தையோடு ஒதுங்க இதைவிட நல்ல இடம் நடு ஊரில் கிடையாது. திறந்திருக்கும் நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

வியா பியெல்லா தெருச் சுவரில் ஒரு சின்ன மரச் சன்னல் இருக்கிறது. திறந்தால் வீடுகளின் பின்சுவர்களுக்கு நடுவே வாய்க்கால் ஓடும். பொலோன்யாவில் ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் வாய்க்கால். அந்தத் தண்ணீரின் விசையில்தான் பட்டு நூல் முறுக்கும் ஆலைகள் சுழன்றன. பிறகு பெரும்பாலானவற்றை மூடித் தெருவாக்கிவிட்டார்கள். மழை நாளில் அந்தச் சன்னலைத் திறப்பது வேறு அனுபவம்: தண்ணீர் செம்மண் நிறத்தில், இரைச்சலோடு வரும். ஆனால் இந்தத் தெருவில் வரிசையில் நிற்கும்போது குடை தேவைப்படும்.

எகிப்திய மம்மி என்றால் பிள்ளைகளுக்குக் கண் விரியும். பியாட்ஸா மஜோரேயை ஒட்டிய நகரத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் பெரிய எகிப்தியத் தொகுப்பு இருக்கிறது. எகிப்தின் சக்காராவில் இருந்த, பின்னாளில் மன்னரான ஹோரெம்ஹெப்பின் கல்லறைப் புடைப்புச் சிற்பங்கள் அங்கே வந்து சேர்ந்திருக்கின்றன.

அரை நாள்தான் இருக்கிறது, மழையும் விடவில்லை. உள்ளே உட்கார்ந்து பார்க்கும்படி எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

ஆர்க்கிஜின்னாஸியோ. 1563 முதல் 1803 வரை பல்கலைக்கழகம் இயங்கிய கட்டடம். சான் பெத்ரோனியோ தேவாலயத்தின் பக்கவாட்டில், பவல்யோனே என்ற அழகிய தாழ்வாரத்தில் இருக்கிறது அதன் வாசல். அந்தப் பகுதியில்தான் முன்பு பட்டுப்புழுக் கூடுகளின் சந்தை கூடியது. உள்ளே போனால் முற்றத்துச் சுவர், படிக்கட்டு, மேல்தளம் எங்கும் மாணவர்களின் குலச் சின்னங்கள் ஆயிரக்கணக்கில் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கின்றன. முற்றத்துக்குக் கட்டணம் இல்லை.

மேலே இருக்கிறது உடற்கூறியல் அரங்கம். டிக்கெட் வாங்க வேண்டும், வாங்குங்கள். 1637-இல் முழுக்க மரத்தால் அமைத்த அறை. நடுவில் வெள்ளைச் சலவைக்கல் மேசை. அதன் மேல்தான் சடலத்தைக் கிடத்தி அறுத்துக் காட்டுவார்கள். சுற்றிலும் படிப்படியாக மர இருக்கைகள். பேராசிரியரின் இருக்கைக்கு மேல் உள்ள விதானத்தை, தோல் உரித்த இரண்டு மனித உருவங்கள் தாங்குகின்றன. எர்கோலே லெல்லி செதுக்கியவை அவை. ஒவ்வொரு தசைநாரும் தனித்தனியே தெரியும். கூரையில் மருத்துவத்தின் காவலனான அப்போலோவும் விண்மீன் கூட்டங்களும். 1944 ஜனவரி 29 அன்று குண்டு வீச்சில் இந்த அரங்கம் நொறுங்கிப்போனது. இடிபாட்டிலிருந்து மரத்துண்டுகளையும் சிலைகளையும் பொறுக்கியெடுத்துத் திரும்பப் பொருத்தினார்கள். நீங்கள் இன்று பார்ப்பது அப்படி மீட்ட அறை. மழைத்தண்ணீர் வழியும் சன்னலோடு, மெழுகு பூசிய மரத்தின் மணத்தோடு அங்கே கால் மணி நேரம் உட்கார்ந்தாலே போதும். பயந்த சுபாவமுள்ள குழந்தையாக இருந்தால் உரித்த உருவங்களைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்து சான் பெத்ரோனியோ. 1390-இல் தொடங்கிய தேவாலயம். முகப்பின் கீழ்ப்பாதிக்குச் சலவைக்கல் பதித்தார்கள், மேல்பாதி இன்றுவரை வெறும் செங்கல். மழையில் அந்தச் செங்கல் நனைந்து அடர்சிவப்பாக மாறுவதை எதிர்ப்புறத் தாழ்வாரத்தில் நின்று பாருங்கள். உள்ளே தரையில் ஒரு பித்தளைக் கோடு போகும், 66.8 மீட்டர் நீளம். வானியலாளர் கசீனி 1655-இல் அமைத்தது. 27 மீட்டர் உயரத்தில் கூரையில் உள்ள சிறு துளை வழியாக வெயில் விழுந்து, நண்பகலில் அந்தக் கோட்டைக் கடக்கும். கடக்கும் இடத்தை வைத்து நாளைச் சொல்லலாம். தரையில் விழும் வெளிச்ச வட்டின் அளவு ஆண்டு முழுவதும் எப்படி மாறுகிறது என்று அளந்து, கோள்களின் இயக்கம் பற்றிய கெப்ளரின் கோட்பாட்டுக்கு ஆதரவான சான்றைக் கசீனி இங்கே கண்டார்.

மழை நாளில் அந்தக் கோட்டில் வெயில் விழாதே?

விழாது. ஆனால் பொலோன்யா மழை நடுநடுவே விலகும். குளிர்காலத்தில் பகல் 12 மணியை ஒட்டியும், கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்திருக்கும் மாதங்களில் 1 மணி தாண்டியும் அந்தப் பக்கம் எட்டிப் பாருங்கள். மேகம் ஒரு நிமிடம் விலகினால்கூட, இருண்ட தரையில் வெளிச்ச வட்டு தோன்றி, நகர்வது கண்ணுக்குத் தெரியும்.

இரட்டைக் கோபுரங்களில் ஏறலாமா?

இப்போதைக்கு நம்ப வேண்டாம். 97 மீட்டர் உயரமான அசினெல்லி கோபுரத்தில் 498 மரப்படிகள் ஏறுவது முன்பு வழக்கம். பக்கத்தில் சாய்ந்து நிற்கும் கரிசெந்தாவின் நிலை கவலைக்குரியதாக மாறியதால், 2023 அக்டோபரில் இரண்டையும் சுற்றி அடைத்துவிட்டார்கள். கரிசெந்தாவைப் பலப்படுத்தும் வேலை ஆண்டுக்கணக்கில் நடக்கும். தூரத்தில் இருந்து பார்க்கலாம். ஏறியே ஆக வேண்டும் என்றால் பியாட்ஸா மஜோரேயில் அக்குர்சியோ மாளிகையின் மணிக்கூண்டு இருக்கிறது, முன்பதிவு நல்லது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. தரை வழுக்குமா?

வழுக்கும், இதில் அலட்சியம் வேண்டாம். தாழ்வாரத் தரை பல இடங்களில் மொசைக் தரையைப் போல மெருகேற்றியது. கடைவாசல்களில், குடைநீர் சொட்டிய இடங்களில் கண்ணாடிபோல இருக்கும். ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணி அவசியம். ஒரு தாழ்வாரம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் இரண்டு மூன்று படி உயர வித்தியாசம் வரும். அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியது அங்கேதான். ஸ்ட்ராடா மஜோரேயில் செர்வி மாதா கோயிலின் தாழ்வாரம் அகலமானது, நிதானமாக நடக்கலாம். அருகே சாந்தோ ஸ்தேஃபனோ என்ற பழைய கோயில் தொகுதியும் உண்டு. ஏழு கோயில்கள் என்பார்கள்.

தாழ்வாரத்துக்குள் குடையை மடக்கி, நுனி கீழே பார்க்கப் பிடித்துக்கொள்ளுங்கள். விரித்த குடையோடு உள்ளே நடந்தால் எதிரே வருபவர்கள் முகம் சுளிப்பார்கள், அது நியாயமும்கூட.

நாங்கள் சைவம். அந்த ஊரில் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். ஊரின் பெயர் பெற்ற உணவுகளில் பெரும்பாலானவை இறைச்சி. ரகு என்ற குழம்பில் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் சேரும். சின்னஞ்சிறு பாஸ்தாவான தோர்தெல்லினியின் உள்ளே பன்றி இறைச்சி, அது மிதப்பது இறைச்சிச் சாற்றில். மோர்ததெல்லா என்ற தொத்திறைச்சியும் பன்றிதான்.

மறைந்திருப்பவைதான் ஆபத்து. திஜெல்லே, க்ரெஷென்தினே போன்ற ரொட்டி வகைகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். ஊர் ரொட்டியான க்ரெஷென்தாவில் இறைச்சித் துணுக்குகளே இருக்கும். "சென்ட்ஸா கார்னே" என்றால் இறைச்சி இல்லாமல். "சென்ட்ஸா ஸ்த்ருத்தோ" என்றால் பன்றிக் கொழுப்பு இல்லாமல். இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பர்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளால் உறையவைக்கிறார்கள். கண்டிப்பான சைவர்கள் அதையும் தவிர்ப்பார்கள்.

நிம்மதியாகச் சாப்பிட: ரிக்கோட்டா பாலாடைக்கட்டியும் கீரையும் அடைத்த பெரிய தோர்தெல்லோனி பாஸ்தா, மேலே வெண்ணெயும் சேஜ் இலையும். பிள்ளைகள் விரும்புவார்கள். உகோ பாஸி தெருவில் மெர்காத்தோ டெல்லே எர்பே என்ற கூரையுள்ள காய்கறிச் சந்தை இருக்கிறது. பழமும் காயும் வாங்கலாம், ஓரத்தில் சிறு உணவகங்களும் உண்டு. குவாத்ரிலாத்தெரோ என்ற பழைய சந்தைச் சந்துகளும் அழகுதான், ஆனால் அங்கே பல சந்துகளில் தாழ்வாரம் கிடையாது.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் "ஸ்பகெட்டி போலொனீஸ்" தேடி அலைய வேண்டாம். இங்கே ரகுவோடு சேருவது தல்யத்தெல்லே என்ற பட்டையான முட்டைப் பாஸ்தா. ரகுவின் செய்முறையை 1982-இல் வணிகச் சபையில் முறைப்படிப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். தல்யத்தெல்லே வெந்தபின் 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 1972-இலேயே பதிவு. அளவுக்கு ஒரு தங்கப் பட்டையும் செய்து வைத்திருக்கிறார்கள்.

மாலை 4 மணிக்குப் பிள்ளைகளுக்குப் பசித்தால்?

உணவகச் சமையலறைகள் பிற்பகல் இரண்டரை வாக்கில் மூடி, இரவு ஏழரைக்குத்தான் திறக்கும். நடுவே ரொட்டிக் கடையும் காபிக் கடையும்தான் துணை. சூடான சாக்லேட் கேளுங்கள். கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாக வரும். உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களில் ஆளுக்கு இவ்வளவு என்று "கொப்பேர்த்தோ" கட்டணம் பில்லில் வரும். அது ஏமாற்று வேலை அல்ல.

வெள்ள அபாயம் உண்டா? செய்திகளில் பார்த்தோமே.

உண்டு, நியாயமான அச்சம்தான். 2023 மே மாதம் பொலோன்யா அடங்கிய எமிலியா-ரொமான்யா மாநிலத்தில் கொடிய வெள்ளம். உயிர்கள் போயின, மலைச்சரிவுகள் நூற்றுக்கணக்கில் சரிந்தன. 2024 அக்டோபரில் பொலோன்யா நகருக்குள்ளேயே ரவோனே என்ற ஓடை பொங்கியது. அந்த ஓடை ஊருக்குள் தரைக்கு அடியில், மூடிய வாய்க்காலாக ஓடுகிறது. கொள்ளாமல் சாஃபி தெருவில் வெடித்து மேலே வந்தது.

இத்தாலியில் வானிலை எச்சரிக்கையை நிறத்தில் சொல்வார்கள்: பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. காலையில் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புவதைப் பழக்கமாக்குங்கள். மஞ்சள் என்றால் வழக்கம்போல் சுற்றலாம். ஆரஞ்சில் குன்று, வாய்க்கால் ஓரம், ஊருக்கு வெளியே ரயில் பயணம் ஆகியவற்றைத் தள்ளிப்போடுங்கள். சிவப்பு என்றால் தங்கும் இடத்திலேயே இருங்கள். பள்ளிகளும் பூங்காக்களும்கூட மூடப்படலாம். சுரங்கப் பாதையிலோ அடித்தளத்திலோ இருக்க வேண்டாம். அவசர எண் 112. தாழ்வாரம் மழைக்குக் காப்பு, வெள்ளத்துக்கு அல்ல.

ரயில் தாமதமானால் நிலையத்தில் நேரம் போக்க ஏதாவது உண்டா?

மேற்குப் பகுதிக் காத்திருப்பு அறைக்குள் ஒருமுறை போய் நில்லுங்கள். 1980 ஆகஸ்ட் 2 அன்று அங்கே வெடித்த குண்டில் 85 பேர் இறந்தார்கள். அவர்கள் பெயர்கள் சுவரில் இருக்கின்றன, சுவரில் குண்டு பிளந்த இடைவெளியை அப்படியே விட்டுக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். வெளியே ஒரு கடிகாரம் 10:25-இல் நிற்கும். விவரம் புரியும் வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

சுற்றுவட்டாரத்தில் மழைக்கு ஏற்ற இடம்?

மோதெனா, ரயிலில் அரை மணி நேரம்கூட இல்லை. என்ஸோ ஃபெராரி அருங்காட்சியகம் அங்கே நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில். மோட்டார் சைக்கிள் பிடித்த பிள்ளைகளுக்கு, பொலோன்யாவின் புறநகர் போர்கோ பனிகாலேயில் டுகாட்டி அருங்காட்சியகம். காகித டிக்கெட் வாங்கி உள்ளூர் ரயிலில் ஏறினால், நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள். விரைவு ரயிலில் ஃபுளோரன்ஸும் 40 நிமிடத்துக்குள்தான். வெயில் அடிக்கும் நாளை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் தங்கலாம்? எந்தப் பகுதியில் அறை எடுப்பது?

குடும்பத்தோடு என்றால் மூன்று இரவு. ஒரு நாள் பியாட்ஸா மஜோரேயைச் சுற்றி, ஒரு நாள் சான் லூகா, மூன்றாவது நாளை மழையின் போக்கைப் பார்த்து முடிவு செய்யலாம். ரயில் நிலையத்துக்கும் பியாட்ஸா மஜோரேக்கும் நடுவே இன்டிபென்டென்ஸா தெருவை ஒட்டிப் பாருங்கள்; வாசலை விட்டு இறங்கினாலே தாழ்வாரம். அறைக்குள் ரேடியேட்டர் இருந்தால் ஈரக் காலுறைகள் காலைக்குள் காய்ந்துவிடும். லிஃப்ட் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், பழைய கட்டடங்களில் பல மாடி ஏற வேண்டிவரும். தேதியை உறுதி செய்யும் முன் பொலோன்யாவின் கண்காட்சி நாட்காட்டியைப் பாருங்கள். வசந்த காலத்தில் அழகுசாதனக் கண்காட்சியும் குழந்தைகள் புத்தகக் கண்காட்சியும் நடக்கும் வாரங்களில் அறை வாடகை பன்மடங்கு ஏறும். ஆளுக்கு ஓர் இரவுக்கு என்று நகராட்சி வரி தனியாக உண்டு.